முள் தவறினால் எந்தப் பக்கம்?

படகின் எரிபொருள் மானியில் முள் பாதியில் நின்றால், டேங்கில் பாதி எரிபொருள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த முள்ளுக்கு எரிபொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. டேங்கிலிருந்து வரும் ஒரு வயரின் வழியே எத்தனை ஓம் மின்தடை தெரிகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த மின்தடையை ஒரு மிதவையின் உயரம் தீர்மானிக்கிறது. அந்த உயரம் எத்தனை லிட்டருக்குச் சமம் என்பதை டேங்கின் வடிவம் தீர்மானிக்கிறது. லிட்டர் உயரமாகி, உயரம் மின்தடையாகி, மின்தடை முள்ளின் கோணமாகிறது. சூரிச் ஏரியிலோ லூசெர்ன் ஏரியிலோ பல வருடம் ஓடிய ஒரு படகில் இந்தச் சங்கிலி அறுந்துபோனால், மிதவையும் மின்தடையும் அடங்கிய டேங்க் யூனிட்டைக் கழற்றிவிட்டு, தகட்டில் அதே ஐந்து துளை உள்ள புதிய யூனிட்டைத் திருகுவார்கள். முள் அசையும், வேலை முடிந்தது என்று கை கழுவுவார்கள். வேலை அங்கே முடிவதில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். எரிபொருள் மானியின் முதல் தகுதி துல்லியம் அல்ல. அது கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் தவறுகிறது என்பதும், கெட்டுப்போனதை நமக்குத் தெரியப்படுத்துகிறதா என்பதும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கழற்றிய பழைய யூனிட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி கதை புரியும். வட்டத் தகட்டின் அடியில் ஒரு கம்பிக் கை, அதன் நுனியில் மிதவை. கை ஏறி இறங்கும்போது ஒரு சிறிய உலோக நாக்கு, மின்தடைப் பாதையின் மேல் உரசிக்கொண்டு நகரும். பாதையின் ஒரே இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பதைப் பல யூனிட்டுகளில் காணலாம். துறையில் கட்டிக் கிடக்கும் படகு அலையில் ஓயாமல் ஆடுகிறது, எரிபொருள் மட்டம் வாரக்கணக்கில் மாறுவதில்லை. அதனால் நாக்கு அந்த ஓரிடத்திலேயே தேய்த்துக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி மாதக்கணக்கில் நிறுத்தும்போது எரிபொருளின் பிசின் படிவு அதன் மேல் ஒட்டும். எரிபொருளில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளி கலந்த தொடுமுனைகளைக் கருக்கவைக்கும். டீசல் டேங்காக இருந்தால், அடியில் தேங்கிய நீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழுவழுப்பான சளிபோல மிதவையின் மேல் படியும். இவற்றை எல்லாம் தவிர்க்கவே, துருப்பிடிக்காத குழாய்க்குள் வரிசையாகச் சிறு காந்த ஸ்விட்சுகளை வைத்து, வெளியே காந்தம் பொதித்த மிதவை ஏறி இறங்கும்படி செய்த செங்குத்து யூனிட்டுகள் வந்தன. அவற்றில் உரசல் இல்லை. ஆனால் அவை தருவதும் மின்தடைதான், படிப்படியாகத் தாவும் மின்தடை.

உலகம் இந்த மின்தடைக்கு ஒரே கணக்கை வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க வழக்கத்தில் காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்த டேங்குக்கு 33 ஓம். ஐரோப்பாவில் பரவலான வழக்கத்தில் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். ஒன்று இறங்குவரிசை, மற்றது ஏறுவரிசை. ஸ்விஸ் துறைகளில் இரண்டு கண்டத்துப் படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், ஒன்றின் யூனிட் மற்றதன் மானிக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அப்படிச் சேர்ந்தால் டேங்க் காலியாகும்போது முள் நிறைவைத் தாண்டி நிற்கும். உடனே கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டேங்க் ஏறத்தாழ 61 சதவீதம் நிறைந்திருக்கும்போது இரண்டு வழக்கங்களும் ஒரே மின்தடையைத் தருகின்றன. அதாவது சுமார் 114 ஓம். பாதிக்குச் சற்று மேல் எரிபொருள் இருக்கும் டேங்கில் தவறான யூனிட்டைப் பூட்டினால், முள் நிற்க வேண்டிய இடத்திலேயே நிற்கும். பூட்டியவர் நிம்மதியாக மூடியைத் திருகிவிடுவார். எரிபொருள் குறையக் குறைய முள் மேலே ஏறும்.

சரியான யூனிட்டைச் சரியான மானியோடு பூட்டினாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. படகில் மின் இணைப்புகள் ஈரத்திலும் அதிர்விலும் வாழ்கின்றன. வயர் முனையில் பச்சை பூக்கிறது, எர்த் இணைப்பு தளர்கிறது. இந்தக் கோளாறுகள் எல்லாம் மின்தடையைக் கூட்டுபவை. துருப்பிடித்த ஓர் இணைப்பு 20 ஓம் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க வழக்கத்தில் 207 ஓம் வீச்சில் 20 ஓம் கூடினால், முள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைத்துக் காட்டும். ஐரோப்பிய வழக்கத்தில் 170 ஓம் வீச்சில் அதே 20 ஓம், முள்ளை ஏறத்தாழ 12 சதவீதம் கூட்டிக் காட்டவைக்கும். வயர் முழுதாக அறுந்துபோனால் வேறுபாடு இன்னும் பெரியது. முதல் வகையில் முள் காலிக்குக் கீழே விழும், இரண்டாம் வகையில் நிறைவுக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். துரு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். ஒருவர் சீக்கிரம் கரை திரும்புகிறார், மற்றவர் இன்னும் தூரம் போகிறார். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழையும் இருப்பதை இல்லையென்று சொல்லும் பிழையும் எண்ணில் சமமாக இருக்கலாம், விளைவில் சமம் அல்ல.

இதற்கு மின்பணியாளர் ஒருவர் உடனே மறுப்புச் சொல்லக்கூடும். வயர் அறுவது மட்டும்தான் கோளாறா? வயரின் உறை தேய்ந்து எர்த்தில் பட்டுவிட்டால், அமெரிக்க மானி நிறைவைக் காட்டும், ஐரோப்பிய மானி காலியைக் காட்டும், உங்கள் வாதம் தலைகீழாகிவிடுமே என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு இது, அலுமினிய உடல் கொண்ட படகுகளில் கூடுதல் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு கோளாறுகளும் ஒரே மாதிரி வருவதில்லை. உறை தேய்ந்து வயர் எர்த்தில் படுவது ஒரு நொடியில் நடப்பது. முள் சட்டென்று ஒரு மூலைக்குத் தாவும், கண்ணில் படும். துரு பருவத்துக்குப் பருவம் மெல்ல ஏறுவது. முள் ஒரு முடி அகலம், இரு முடி அகலம் என்று விலகும், யாரும் கவனிப்பதில்லை. ஈரத்தில் வாழும் ஓர் இயந்திரத்துக்கு மெல்ல வளரும் பிழையே பெரிய பகை. ஆகவே 10 முதல் 180 ஓம் வழக்கத்தில் இருக்கும் ஒரு படகுக்காரர் தன் யூனிட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, ஆனால் அவருடைய இணைப்புகள் மற்றவருடையதைவிட இரு மடங்கு சுத்தமாக இருக்க வேண்டும். ஈயம் பூசிய செம்பு வயர், உறை சுருக்கி மூடிய முனைகள், யூனிட்டின் தகட்டிலிருந்து நேராக எர்த்துக்குத் தனி வயர் ஆகியவற்றில் காசு பார்க்கக் கூடாது.

மின்சாரம் முழுவதும் சரியாக இருந்தாலும் வடிவியல் மிச்சம் இருக்கிறது. படகின் அடிப்பாகம் சாய்ந்த இரு பக்கங்களால் ஆனது. இடத்தை வீணாக்காமல் அதற்கு இணங்க டேங்கைச் செய்தால், கூரையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற ஒரு வடிவம் கிடைக்கும். அந்த வடிவத்தில் கொள்ளளவு, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. பாதி உயரத்தில் கால்வாசி எரிபொருள்தான் இருக்கும், கால் உயரத்தில் பதினாறில் ஒரு பங்குதான். 200 லிட்டர் டேங்கில் முள் கால்வாசியில் நிற்கும்போது படகுக்காரர் 50 லிட்டர் இருப்பதாக நினைப்பார், இருப்பது 12.5 லிட்டர். முழு வேகத்தில் மணிக்கு 50 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் இன்ஜினுக்கு அது 15 நிமிடம். அதிலும் உறிஞ்சுகுழாய் எட்டாத அடிமட்டம் கொஞ்சம் போய்விடும். உயரத்தைக் கொள்ளளவாக்கும் இந்தச் சிக்கல் பழையது. யோஹன்னஸ் கெப்ளர் 1615இல் வெளியிட்ட ஒரு நூல் முழுவதும் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றியது. லின்ஸ் நகரத்து வியாபாரிகள் பீப்பாயின் துளை வழியே ஒரு கோலைச் சாய்வாகச் செருகி, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னதைக் கண்டு, வெவ்வேறு வடிவப் பீப்பாய்களுக்கு ஒரே கோல் எப்படிப் பொருந்தும் என்று கேட்கத் தொடங்கினார். கிரகங்களின் பாதையைக் கணக்கிட்ட மனிதர் அந்தக் கேள்வியை அற்பமாக நினைக்கவில்லை. பீப்பாயாவது அசையாமல் கிடக்கும். படகு அசைகிறது. ஸ்விஸ் ஏரிகளில் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேகம். அதைத் தாண்டி வேகமெடுக்கும்போது மோட்டார் படகு மூக்கைத் தூக்குகிறது, எரிபொருள் பின்னால் ஓடுகிறது. யூனிட் டேங்கின் பின்கோடியில் இருந்தால் முள் ஏறும், முன்கோடியில் இருந்தால் இறங்கும், நடுவில் இருந்தால்தான் அதிகம் மாறாது. சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே சவுண்டிங் நாடாவை இறக்கி உயரம் எடுத்தபின், கப்பல் முன்பின்னாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் அட்டவணையில்தான் லிட்டர் கணக்கைத் தேடுவார்கள். கடல்தொழில் நீண்ட காலமாகக் கடைப்பிடிக்கும் ஒழுக்கத்தைச் சிறு படகுகள் ஒரு முள்ளிடம் ஒப்படைத்துவிட்டன.

பொருந்துவது வேறு, இணங்குவது வேறு என்பதற்கு மிகக் கசப்பான சான்று ஆகாயத்திலிருந்து வருகிறது. 2005 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பாவுக்குக் கிளம்பிய துனிண்டர் நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம், இரண்டு இன்ஜின்களும் நின்றுபோய்ச் சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு அருகே கடலில் இறங்கியது. விமானத்தில் இருந்த 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். முந்திய நாள் பழுதான எரிபொருள் மானியை மாற்றியிருந்தார்கள். மாற்றிய மானி, அதன் சிறிய தம்பியான ஏடிஆர் 42 விமானத்துக்கு உரியது. அதே துளையில் உட்கார்ந்தது, அதே இணைப்பில் பூட்டியது, எண்களும் காட்டியது. இரண்டு விமானங்களின் டேங்குகளும் ஒரே வடிவம் அல்ல என்பதால், இருந்ததைவிட மிக அதிகமாகக் காட்டியது. எரிபொருள் குறைகிறது என்று எச்சரிக்க வேண்டிய விளக்கும் அதே மானியின் கணக்கை நம்பியிருந்ததால் எரியவில்லை. படகின் ஐந்து துளை வட்டத் தகட்டைப் பார்த்து யூனிட்டைத் தேர்ந்தெடுப்பவர் செய்யும் பிழையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

மிதவையையும் நாக்கையும் விட்டுவிட்டு நவீன மின்னணுச் சென்சாருக்கு மாறினால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமே என்பது அடுத்த மறுப்பு. இந்தத் துறையில் ஸ்விட்சர்லாந்துக்கு நேரடி உறவு உண்டு. பாசலுக்குப் பக்கத்தில் ரைனாக் ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் எண்ட்ரெஸ்+ஹவுசர் நிறுவனத்தை, ஸ்விஸ் பொறியாளர் கேயோர்க் எண்ட்ரெஸும் லுட்விக் ஹவுசரும் 1953இல் எல்லைக்கு அப்பால் லொராக் நகரில் தொடங்கியபோது, அவர்கள் கையில் இருந்த முதல் சரக்கே தொட்டிகளின் மட்டத்தை அளக்கும் மின்தேக்குக் கருவிகள்தான். இரு உலோகக் குழாய்களுக்கு நடுவே காற்று இருக்கிறதா எரிபொருள் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மின்தேக்குத் திறன் மாறும். நகரும் உறுப்பு எதுவும் இல்லை. உண்மையிலேயே அழகான முறை. ஆனால் அதுவும் ஒரு மொழிபெயர்ப்புதான், அதற்கும் தவறும் திசை உண்டு. காற்றின் மின்காப்பு மாறிலி 1, பெட்ரோல் டீசலுக்கு ஏறத்தாழ 2, தண்ணீருக்கு ஏறத்தாழ 80. டேங்கின் அடியில் சில சென்டிமீட்டர் தண்ணீர் சேர்ந்தால், எரிபொருளுக்கென்று அளவு செய்த கருவி டேங்க் நிறைந்துவிட்டதாகச் சொல்லக்கூடும். எரிபொருளும் இல்லை, இருப்பது இன்ஜினை நிறுத்தும் தண்ணீர், முள்ளோ நிறைவில் நிற்கும்.

தொழிற்சாலைக் கருவிகளிடமிருந்து படகுகள் உண்மையில் கற்க வேண்டியது வேறொன்று. அங்கே அளவு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்பப்படுகிறது. காலித் தொட்டிக்கு 0 அல்ல, 4. வயர் அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். அது காலி என்ற செய்தி அல்ல, கருவி பேசவில்லை என்ற செய்தி. கருவியே தன் கோளாறை உணர்ந்தால் 3.6க்குக் கீழோ 21க்கு மேலோ மின்னோட்டத்தைத் தள்ளி அறிவிக்கும் வழக்கமும் உண்டு. இவ்வளவு இருக்கிறது, எதுவும் இல்லை என்ற இரண்டு விடைகளோடு, எனக்குத் தெரியவில்லை என்ற மூன்றாவது விடையையும் சொல்லத் தெரிந்த கருவி அது. படகின் சாதாரண மானியில் அந்த மூன்றாவது விடைக்கு இடமே இல்லை. ஐரோப்பிய வழக்கத்தில் அறுந்த வயரும் நிறைந்த டேங்கும், அமெரிக்க வழக்கத்தில் அறுந்த வயரும் காலி டேங்கும் ஏறத்தாழ ஒரே முகத்தைக் காட்டுகின்றன. புதிய யூனிட்டும் மானியும் சேர்த்து வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: வயர் அறுந்தால் இது என்ன காட்டும்?

ஏரிதானே, கடலா என்ன, எரிபொருள் தீர்ந்தால் கரை கண்ணுக்குத் தெரிகிறதே என்று சொல்பவர்களும் உண்டு. லூசெர்ன் ஏரியின் தென்கோடியான ஊர்னர்சே பகுதியை அவர்கள் பார்க்க வேண்டும். ஆக்சன் பாறைகள் செங்குத்தாக நீரில் இறங்குகின்றன, படகை ஒதுக்க மணல்கரை இல்லை. ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும் ‘ஃபோன்’ காற்று அந்தப் பள்ளத்தாக்கில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசுவதுண்டு. ஸ்விஸ் ஏரிகளைச் சுற்றி நிற்கும் ஆரஞ்சு விளக்குகள் நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் எச்சரிக்கை, 90 முறை மின்னினால் புயல். அந்த நேரத்தில் இன்ஜின் நின்றால் நங்கூரமும் உதவாது. லூசெர்ன் ஏரியின் அதிகபட்ச ஆழம் 214 மீட்டர், ஜெனீவா ஏரியின் ஆழம் 310 மீட்டர். சிறு படகின் நங்கூரக் கயிறு அந்த ஆழத்தை எங்கே எட்டப்போகிறது? டீசல் இன்ஜினாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: குழாயில் காற்று ஏறிவிட்டால், கேனில் டீசல் கொண்டுவந்து ஊற்றினாலும், காற்றை வெளியேற்றாமல் பெரும்பாலான இன்ஜின்கள் கிளம்பாது.

என் வாதத்துக்கு எதிரான மறுப்புகளில் எனக்குக் கனமாகத் தோன்றுவது வேறு. குறைத்துக் காட்டும் மானி பாதுகாப்பானது என்றால், அதை நம்பி எரிபொருள் நிரப்புபவர் வழிய வழிய நிரப்பிவிட மாட்டாரா? ஸ்விட்சர்லாந்தில் இது சிறிய விஷயம் அல்ல. சூரிச் நகரம் குடிக்கும் நீரில் ஏறத்தாழ 70 சதவீதம் சூரிச் ஏரியிலிருந்து வருகிறது. கான்ஸ்டன்ஸ் ஏரியின் ஜெர்மன் கரையில் சிப்லிங்கன் அருகே 60 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கும் நீர் ஏறத்தாழ 40 லட்சம் பேருக்குப் போகிறது. இந்த ஏரிகளில் சிந்தும் பெட்ரோல், யாரோ ஒருவருடைய குடத்தை நோக்கிப் போகிறது. நிரப்பும்போது சிந்தாவிட்டாலும் ஆபத்து முடியவில்லை. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.1 சதவீதம் விரிகிறது. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ந்து வந்த 200 லிட்டர், கோடை வெயிலில் 20 டிகிரி சூடானால் ஏறத்தாழ 4 லிட்டர் கூடுகிறது. விளிம்புவரை நிரப்பிய டேங்கில் அந்த 4 லிட்டருக்கு இருக்கும் ஒரே வழி, காற்றுக்குழாய் வழியே ஏரிக்குள் இறங்குவதுதான். இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன், ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. பம்பு அருகே நிற்கும்போது படகுக்காரருக்கு இரண்டாவது சாட்சி இருக்கிறது. பம்பு லிட்டரை எண்ணிச் சொல்கிறது, டேங்கின் கொள்ளளவு அவருக்குத் தெரியும், 95 சதவீதத்தில் நிறுத்த அவரால் முடியும். ஏரியின் நடுவில் முள்ளைத் தவிர வேறு சாட்சி இல்லை. சாட்சி இல்லாத இடத்தில் எந்தப் பிழை குறைவாகக் கெடுக்குமோ அந்தப் பிழையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டேங்க் யூனிட்டை மாற்றும் வேலையே மின்சாரத்தையும் எரிபொருள் ஆவியையும் ஓரிடத்தில் சேர்க்கும் வேலை. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே வெடித்த டிடபிள்யூஏ 800 விமானத்தில் 230 பேர் இறந்தார்கள். டேங்கில் இருந்த எரிபொருள் ஆவி தீப்பற்றியதே காரணம் என்றும், டேங்குக்கு வெளியே நிகழ்ந்த மின்கசிவு எரிபொருள் அளவு வயர்கள் வழியே உள்ளே போயிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் அமெரிக்க விசாரணை முடிவுக்கு வந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் தேங்கும். ஆகவே பேட்டரியைக் கழற்றி, மூடிகளைத் திறந்து காற்றோட விட்டபின்தான் முதல் திருகில் கை வைக்க வேண்டும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஐந்து துளைகள் சம இடைவெளியில் இல்லாதது தற்செயல் அல்ல, யூனிட் ஒரே திசையில்தான் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான். மிதவையின் கை டேங்கின் உள் தடுப்புச் சுவரில் இடிக்காமல் முழுதாக ஏறி இறங்குகிறதா என்று மூடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு யாரும் செய்யாத பகுதி வருகிறது, நான் கேட்டுக்கொள்வதும் அதைத்தான். புதிய யூனிட்டைப் பாதி டேங்கில் சோதிக்காதீர்கள். டேங்க் ஏறத்தாழ காலியாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, பம்பின் கணக்குப்படி 20 லிட்டர் 20 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே, எரிபொருள் ஆவி எதுவும் இல்லாத மானியின் பின்பக்கத்தில் யூனிட் வயரை ஒருமுறை கழற்றி, முள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். லிட்டர் அட்டவணையையும் முள் ஓடிய திசையையும் ஒரு சீட்டில் எழுதி, மானிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்து அந்தப் படகை ஓட்டப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.